வாங்குமுன் அளந்து பார்ப்போம்

சென்ற தவணை விடுமுறையில் ஒருநாள் மாலை, எம்மிடம் உயர்தர வகுப்பில் பௌதிகவியல் பயிலும் மாணவன் ஒருவன் தன் தந்தையாருடன் எமது இல்லத்துக்கு வந்தான். தந்தையார் தச்சுத் தொழில் செய்பவர். அவர் தோளில் ஒரு கணினிப் பெட்டி இருந்தது. மகனின் கையில் வண்ணப்படம் அச்சிட்ட மற்றொரு சிறு பெட்டி இருந்தது. இருவர் முகத்திலும் வாட்டம் தெரிந்தது.

“மாஸ்ரர், இவன்ரை தாயின்ரை சீட்டுக்காசிலை வாங்கிக் குடுத்தனான். இப்ப இது அதுக்குள்ளை போகாதெண்டு சொல்லுறான். கடைக்காரரும் திருப்பி எடுக்கமாட்டாராம். ஒருக்காப் பாருங்கோ” என்றார் தந்தையார்.

சிறு பெட்டியில் இருந்தது ஒரு கிராபிக்ஸ் அட்டை. கடைத்தெருவிலே ‘கிராபிக்ஸ் காட்’ என்றும், ‘வி.ஜி.ஏ.’ என்றும் நம்மவர் வழங்குவது இதனையே. ஒருவர் பாவித்துக் கழித்தது. விலை முப்பத்தெண்ணாயிரம் ரூபா. கணினியோ அலுவலகங்களில் மேசையோரத்தில் ஒடுங்கி நிற்பதற்கென்றே செய்யப்பட்ட ஒல்லியான பொறி. பையன் முப்பரிமாணப் படங்கள் வரையும் பிளெண்டர் என்னும் மென்பொருளைப் பழகிக்கொண்டிருந்தான். அதில் ஒரு படம் உருவாக ஓர் இரவு முழுவதும் காத்திருக்க வேண்டியிருந்ததாம். அட்டை இருந்தால் வேகம் கூடும் என்று நண்பர்கள் கூறியிருக்கிறார்கள். கூறியது உண்மையே. எந்த அட்டை, எந்தப் பெட்டிக்கு என்பதை மட்டும் எவரும் கூறவில்லை.

பையனின் ஆசையிற் பிழையில்லை. தந்தையின் அன்பிலும் பிழையில்லை. வாங்குமுன் செய்ய வேண்டிய அரைமணி நேர வேலை ஒன்று செய்யப்படவில்லை, அவ்வளவே. அந்த அரைமணி நேர வேலை யாதென்பதை எமது வாசகர் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆயத்தப் பெட்டியின் இயல்பு

கணினி இருவகையில் எமது வீடுகளுக்கு வருகின்றது. உறுப்புகளைத் தனித்தனியே வாங்கிக் கடையிற் பூட்டுவிப்பது ஒருவகை. தொழிற்சாலையிலேயே முழுமையாகப் பூட்டி வருவது மற்றையது. டெல் ஒப்ரிபிளெக்ஸ், ஹெச்.பி. எலைற்டெஸ்க், லெனோவோ திங்சென்ரர் முதலியன இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் பாவித்துக் கழித்த இத்தகைய பொறிகள் துடைத்துத் துப்புரவாக்கப்பட்டு, குறைந்த விலையில் எமது கடைகளுக்கு வருகின்றன. உறுதியான பொறிகள், கடிதம் எழுதவும் கணக்குப் பார்க்கவும் பாடம் படிக்கவும் இன்றும் நன்கு உதவுவன.

ஆயின், அவற்றை ஆக்கியோர் ஒவ்வொன்றையும் அளந்தே வைத்துள்ளனர். அலுவலக வேலைக்கு எவ்வளவு மின்வலு வேண்டுமோ அவ்வளவுக்குச் சற்று மேலாகவே பவர் சப்ளை இருக்கும். எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவே கேசிங்கில் இருக்கும். பின்னாளில் ஒருவர் பெரியதோர் அட்டையைக் கொண்டுவந்து செருகுவார் என்று எதிர்பார்த்து அவை செய்யப்படவில்லை. ஆதலின், ‘இந்த அட்டை நல்லதா?’ என்று கேட்பதற்கு முன்னர், ‘இந்தப் பெட்டியில் மிச்சம் என்ன இருக்கின்றது?’ என்று கேட்டல் வேண்டும். மிச்சத்தைக் காண நான்கு சோதனைகள் போதும்: இடம், வலு, ஸ்லொட், திரை.

சோதனைக்கு முன் பொறியின் சரியான பெயரை அறிதல் அவசியம். பெயர் ஒன்றாயினும் உடல் வேறாக இருக்கும். உதாரணமாக, 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஒப்ரிபிளெக்ஸ் 7010 என்னும் பொறியை எடுத்துக்கொள்வோம். உயரமான ரவர் உருவிலும், ஒல்லியான உருவிலும், அதனினும் சிறிய உருவிலும் அது விற்கப்பட்டது. ரவரின் பவர் சப்ளை 275 வாற்று. ஒல்லியானதில் 240 வாற்று. ‘என்னிடம் 7010 இருக்கின்றது’ என்று மட்டும் கடைக்காரரிடம் கூறினால், அவர் ரவரை மனதிற்கொண்டு அட்டையைத் தந்துவிடக் கூடும். டெல் பொறிகளில் ‘சேர்விஸ் ராக்’ எனப்படும் ஏழு எழுத்துக் குறியொன்று ஒட்டப்பட்டிருக்கும். அதனை அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் இட்டால், அப்பொறிக்குரிய கைநூல் இலவசமாகவே கிடைக்கும். ஏனைய நிறுவனங்களும் இவ்வாறே கைநூல் தருகின்றன.

முதலாவது சோதனை: இடம்

மின் இணைப்பைக் கழற்றி, சுவிற்சை ஒருமுறை அழுத்தி எஞ்சிய மின்னை வெளியேற்றி, கேசிங்கின் உலோகப் பாகத்தைக் கையால் தொட்ட பின்னரே மூடியைத் திறத்தல் வேண்டும். உடலில் தங்கிய நிலைமின் நுண்ணிய உறுப்புகளைக் கெடுக்க வல்லது.

அட்டைகள் உயரத்தில் இருவகைப்படும். முழு உயர அட்டை ஏறக்குறைய 111 மில்லிமீற்றர். ‘லோ புரொபைல்’ எனப்படும் தாழ்ந்த அட்டை ஏறக்குறைய 69 மில்லிமீற்றர். ஒல்லியான பெட்டிகள் தாழ்ந்த அட்டையை மட்டுமே ஏற்கும். பின்புறத்தில் அட்டையைப் பிடிக்கும் உலோகத் தகடும் அதற்கேற்பக் குட்டையாக இருத்தல் வேண்டும். பாவித்த அட்டை வாங்குவோர் அக்குட்டைத் தகடு கூடவே இருக்கின்றதா என்று கேட்டு வாங்குக. பலரிடம் அது தொலைந்து போயிருக்கும்.

அடுத்தது நீளம். ஸ்லொட்டின் பின் முனையிலிருந்து எதிரேயுள்ள வன்தட்டுத் தாங்கிவரை அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது தடிப்பு. ஒரு ஸ்லொட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி ஏறக்குறைய 20 மில்லிமீற்றர். விசிறி பெரிதாக உள்ள அட்டைகள் இரண்டு ஸ்லொட்டின் இடத்தைப் பிடிக்கும். ஒல்லியான பெட்டி சிலவற்றில் ஸ்லொட்டை ஒட்டினாற்போலப் பவர் சப்ளை அமர்ந்திருக்கும். அங்கே இரு ஸ்லொட் தடிப்புள்ள அட்டைக்கு இடமே இராது. இடம் இருப்பினும் விசிறி காற்றை இழுக்கச் சிறிது வெளி வேண்டும். சித்திரை மாதத்து வெப்பத்தில் மூச்சுத் திணறும் அட்டை தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

எமது மாணவனின் அட்டை முழு உயரம். பெட்டியோ தாழ்ந்த அட்டைக்குரியது. முதலாவது சோதனையிலேயே அது தோற்றுவிட்டது. “சேர், மூடியைத் திறந்தபடியே விட்டால் வேலை செய்யாதோ?” என்று பையன் கேட்டான். அதற்கு விடை இரண்டாவது சோதனையில் உண்டு.

இரண்டாவது சோதனை: வலு

“வலுவுக்கு என்ன சமன்பாடு?” என்று அவனை வினவினோம். “வோல்ற்றளவு பெருக்கல் மின்னோட்டம்” என்று இமைப்பொழுதில் விடை வந்தது. “அதனை இந்தப் பெட்டிக்குப் போட்டுப் பார்” என்றோம். அவன் தயங்கினான். பரீட்சைத் தாளில் வரும் வலுவும் வீட்டுப் பெட்டியில் ஓடும் வலுவும் ஒன்றே என்பது அவனுக்குத் தோன்றவில்லை. இதில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

கணக்கு எளிது. தாய்ப்பலகையிலுள்ள ஸ்லொட் அட்டைக்கு வழங்கக்கூடிய வலு, பொது நியமத்தின்படி ஆகக்கூடியது 75 வாற்று. அதற்கு மேல் வேண்டும் அட்டைகளுக்குப் பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வர வேண்டும். ஆறு ஊசி கொண்ட வயர் மேலும் 75 வாற்றுக்கும், எட்டு ஊசி கொண்ட வயர் 150 வாற்றுக்கும் உரியவை. அலுவலகப் பொறிகள் பெரும்பாலானவற்றில் இவ்வயர்கள் இல்லை. சில சிறிய பெட்டிகளில் ஸ்லொட்டின் வலுவே 75 வாற்றிலும் குறைவு எனக் கைநூலில் எழுதப்பட்டிருக்கும், அதனையும் பார்த்துக்கொள்க.

பையனின் அட்டைக்கு 120 வாற்று வேண்டும். ஆறு ஊசி வயரும் வேண்டும். அவன் கணினியின் பவர் சப்ளை 240 வாற்று. முறைவழியாக்கி, அதாவது புரொசசர், இன்ரெல் கோர் ஐ5-3470. அதன் மதிப்பீடு 77 வாற்று. தாய்ப்பலகை, ராம், வன்தட்டு, விசிறிகள் யாவற்றுக்கும் ஏறக்குறைய 50 வாற்று என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 127. அட்டையின் 120ஐச் சேர்த்தால் 247. இருப்பு 240. வருமானத்தை விடச் செலவு மிகுந்த குடும்பத்தின் நிலைதான் அது. 75 வாற்று அட்டையாயின் மொத்தம் 202. இறுக்கமே எனினும் அடங்கும்.

கணக்கிடும்போது பவர் சப்ளையின் மேலொட்டியையும் வாசித்தல் வேண்டும். அட்டை முக்கியமாக உண்பது 12 வோல்ற்று மின்னையே. அவ்வரிசையில் எத்தனை அம்பியர் என்று குறிக்கப்பட்டுள்ளதோ அதனை 12ஆற் பெருக்கினால் உண்மையான கொள்ளளவு தெரியும்.

வயர் இல்லாத குறையைத் தீர்க்கக் கடைக்காரர் ஒரு மாற்றி வயரையும் விற்றிருந்தார். வன்தட்டுக்கு மின் கொடுக்கும் சாட்டா முனையிலிருந்து ஆறு ஊசி முனைக்கு மாற்றுவது அது. மீண்டும் அதே சமன்பாடு. சாட்டா முனையில் 12 வோல்ற்றுக்குரிய ஊசிகள் மூன்று. ஒவ்வொன்றும் தாங்குவது 1.5 அம்பியர். மொத்தம் 4.5 அம்பியர். 12ஆற் பெருக்கினால் 54 வாற்று. 75 வாற்றுக்கென அமைந்த முனையை 54 வாற்றுத் தாங்கும் முனையில் தொங்கவிடுதல் எத்தகைய ஆபத்து! அளவுக்கு மீறிய ஓட்டத்தால் முனை சூடேறி உருகும், தீப்பற்றவும் கூடும். இதனைப் பையன் தானே கணக்கிட்டு, தானே அந்த வயரைச் சுருட்டி அப்பால் வைத்தான். மூடியைத் திறந்து வைப்பது பற்றிய கேள்வியும் அத்துடன் முடிந்தது.

பவர் சப்ளையை மாற்றிவிடலாமே எனச் சிலர் எண்ணலாம். சாதாரண ரவர் பொறிகளில் அது இயலும். ஆயின் ஆயத்தப் பெட்டிகள் பலவற்றில் பவர் சப்ளையின் உருவமும் முனையும் தனித்துவமானவை. உதாரணமாக, ஒப்ரிபிளெக்ஸ் 9020இன் தாய்ப்பலகை, பொதுச் சந்தையிலுள்ள இருபத்துநான்கு ஊசி முனைக்குப் பதிலாக எட்டு ஊசி முனையையே கொண்டுள்ளது. கடையில் வாங்கும் சாதாரண பவர் சப்ளை அதில் நேரே பொருந்தாது.

வீட்டில் யூ.பி.எஸ். பாவிப்போருக்கும் ஒரு சொல். 650 வி.ஏ. என்று எழுதியிருப்பது 650 வாற்று அன்று. வாற்றளவு அதனிற் குறைவு. புதிய அட்டையின் சுமை அதன்மீதும் ஏறும்.

மூன்றாவது சோதனை: ஸ்லொட்டும் பயோசும்

இன்றைய அட்டைகள் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்னும் நீண்ட ஸ்லொட்டிற் செருகப்படுவன. இதன் தலைமுறைகள் பலவாயினும், புதிய தலைமுறை அட்டை பழைய ஸ்லொட்டிலும் இயங்கும் என்பது ஆறுதலான செய்தி. ஆயினும் இரு நுணுக்கங்கள் உண்டு. நீண்ட ஸ்லொட்டுகள் இரண்டு இருந்தால், ஒன்றில் மட்டுமே பதினாறு பாதைகளும் முழுமையாக இருக்கலாம்; மற்றையதில் நான்கே இருக்கலாம். கைநூலைப் பார்த்துச் சரியானதிற் செருகுக. மேலும், 2022இல் வந்த ஏ.எம்.டி. ரேடியன் ஆர்.எக்ஸ். 6400 போன்ற அட்டைகள் நான்கு பாதைகளையே பயன்படுத்துவன. பழைய தலைமுறை ஸ்லொட்டில் அவற்றின் வேகம் குறையும்.

கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளாகிய பயோசையும் கவனித்தல் வேண்டும். 2012க்கு முற்பட்ட பொறிகள் சிலவற்றில் புதிய அட்டையைச் செருகினால் திரை கறுப்பாகவே இருக்கும். பொறிக்குரிய இறுதி பயோஸ் பதிப்பை முன்னரே ஏற்றிவிடுதல் நன்று. இன்ரெல் ஆர்க் வரிசை அட்டைகளுக்கு ‘ரிசைசபிள் பார்’ என்னும் வசதி தாய்ப்பலகையில் இருத்தல் வேண்டும். இன்றேல் வேகம் பெரிதும் குன்றும். பழைய அலுவலகப் பொறிகளில் அவ்வசதியை எதிர்பார்க்க இயலாது.

நான்காவது சோதனை: திரை

அட்டை பொருந்திய பின்னும் மொனிற்றர் பொருந்தாது போகலாம். பழைய மொனிற்றர்கள் பலவற்றில் நீல நிறத் தலையுடைய வி.ஜி.ஏ. வயருக்கு மட்டுமே இடமுண்டு. புதிய அட்டைகளிலோ ஹெச்.டி.எம்.ஐ., டிஸ்பிளே போட் முனைகளே உள்ளன. வி.ஜி.ஏ. என்று நம்மவர் அழைக்கும் அட்டையில் வி.ஜி.ஏ. முனையே இல்லை என்பது வேடிக்கையன்றோ! என்விடியா நிறுவனம் 2016இல் வெளியிட்ட ஜி.ரி.எக்ஸ். 10 வரிசை தொடக்கம் பழைய ஒப்புமைக் குறிகை கைவிடப்பட்டது. எனவே வெறும் வயர் மாற்றி போதாது. இலக்கக் குறிகையை மாற்றித்தரும் சிறு சுற்றுள்ள மாற்றி வேண்டும். அதன் விலையையும் முன்னரே கணக்கிற் சேர்த்துக்கொள்க.

எவை பொருந்தும்?

தனி வயர் வேண்டாத, தாழ்ந்த உருவிலும் கிடைக்கின்ற அட்டைகள் சில உண்டு. என்விடியாவின் ஜி.ரி. 1030 உண்பது 30 வாற்று. ஜி.ரி.எக்ஸ். 1650இன் அளவு 75 வாற்று. 2024இல் வந்த 6 ஜிகாபைற் ஆர்.ரி.எக்ஸ். 3050இன் அளவு 70 வாற்று. மேற்கூறிய ஆர்.எக்ஸ். 6400 உண்பது 53 வாற்று. ஒரே பெயரில் முழு உயரத்திலும் தனி வயருடனும் வெவ்வேறு நிறுவனங்கள் அட்டை செய்வதால், பெயரை மட்டும் நம்பாது அட்டையையே நேரிற் பார்த்தல் வேண்டும்.

பெயர் ஏமாற்றும் இடம் வேறொன்றும் உண்டு. ஜி.ரி. 1030 இருவகை நினைவகத்துடன் விற்கப்பட்டது. ஜி.டி.டி.ஆர். 5 நினைவகமுள்ளது செக்கனுக்கு 48 ஜிகாபைற் தரவைக் கையாளும். டி.டி.ஆர். 4 நினைவகமுள்ளது ஏறக்குறைய 17 மட்டுமே. பெட்டியின் மேல் இரண்டுக்கும் பெயர் ஒன்றே. பழைய அட்டைக்குப் புதிய பெயர் சூட்டி விற்போரும் உளர். ஜி.பி.யு-இசற் என்னும் இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பார்த்தால், அட்டையின் உண்மை வரலாறு வெளிப்படும்.

செலவு தகுமா?

நான்கு சோதனைகளிலும் தேறிய பின்னரும் பெற்றோர் கேட்க வேண்டிய வினா ஒன்றுண்டு: இப்பிள்ளையின் வேலைக்கு இது தேவைதானா? பாடக் காணொளி பார்த்தல், நிரல் எழுதப் பழகுதல், கட்டுரை தட்டச்சிடல் ஆகியவற்றுக்குத் தனி அட்டை வேண்டியதில்லை. கணினி மந்தமாயின், சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. பூட்டுதலும் ராமைக் கூட்டுதலுமே குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவன. முப்பரிமாண வரைவு, காணொளித் தொகுப்பு, புதிய விளையாட்டுகள் என்பவற்றுக்கே அட்டை உதவும். பழைய முறைவழியாக்கியுடன் மிக வேகமான அட்டையைச் சேர்ப்பினும் முழுப்பயன் கிட்டாது.

பொறியின் வயதையும் எண்ணுக. வின்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 ஒக்ரோபர் 14இல் முடிந்தது. வின்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பவை, இன்ரெல் பொறிகளில், பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிற்பட்டனவுமே. மூன்றாம், நான்காம் தலைமுறைப் பொறிக்கு அதன் விலையிலும் மிகுந்த விலையில் அட்டை வாங்குதல் அறிவுடைமை ஆகாது.

அளவு நாடா

நாம் இவற்றை விளக்கிக்கொண்டிருக்க, தந்தையார் தம் காற்சட்டைப் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார். பெட்டியின் உள்வெளியை அளந்தார். பின்னர் அட்டையை அளந்தார். சற்று நேரம் பேசாதிருந்து, “நிலையை அளக்காமல் நான் ஒருநாளும் கதவு செய்ததில்லை மாஸ்ரர். இதைக் கேக்க வேணுமெண்டு எனக்குத் தோன்றேல்லை. இது படிச்ச ஆக்களின்ரை சாமானெண்டு நினைச்சிட்டன்” என்றார்.

அச்சொற்கள் எமது மனதில் தைத்தன. தந்தையின் சட்டைப்பையில் நாடா இருந்தது. மகனின் மண்டையில் சமன்பாடு இருந்தது. முப்பத்தெண்ணாயிரம் ரூபாவைக் காத்திருக்கக் கூடிய இரண்டும் அவ்வீட்டிலேயே இருந்தன. கணினி தமக்கு எட்டாத பொருள் என்ற அச்சத்தால் தந்தை கேட்கவில்லை. படிப்பு பரீட்சைக்கு மட்டுமே என்ற எண்ணத்தால் மகன் கணக்கிடவில்லை.

ரவர் பொறி வைத்திருந்த பழைய மாணவர் ஒருவர் அந்த அட்டையை முப்பத்தோராயிரத்துக்கு எடுத்துக்கொண்டார். அவருடைய பெட்டியில் 500 வாற்று பவர் சப்ளையும் ஆறு ஊசி வயரும் இருந்ததை முதலில் உறுதிசெய்த பின்னரே கொடுத்தோம். ஏழாயிரம் ரூபா நட்டம் நட்டமே. மிஞ்சிய பணத்தில் தாழ்ந்த உருவில் தனி வயர் வேண்டாத பாவித்த அட்டையொன்றைப் பையன் வாங்கினான். வாங்குமுன் உயரம், நீளம், தடிப்பு, வாற்று, ஸ்லொட், பயோஸ் பதிப்பு, மொனிற்றரின் முனை என்று ஏழு வரிகளை அப்பியாசக் கொப்பித் தாளில் எழுதிக்கொண்டு சென்றான். கடையில் அட்டையை அளந்தவர் தந்தையார். இப்பொழுது அத்தாள் கேசிங்கின் உட்புறத்தில் ஒட்டப்பட்டிருக்கின்றது. அவனுடைய வகுப்பு நண்பர் இருவர் அதனைப் பிரதி எடுத்தும் சென்றுள்ளனர்.

பெற்றோரே! பிள்ளை ஒரு சாதனம் கேட்டால், ‘எமக்கென்ன தெரியும்’ என்று ஒதுங்கிப் பணத்தை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இடம் போதுமா, வலு போதுமா என்று கேளுங்கள். விடையைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். மாணவர்களே! வகுப்பில் கற்ற சமன்பாட்டை ஒருமுறை வீட்டிலும் போட்டுப் பாருங்கள். அதற்குச் செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலுமே.